குளிர்ச்சி மட்டும் மிஞ்சிய புதினா

செம்பூரில் எங்கள் வீட்டு மண் முழுவதும் ஜன்னலுக்கு வெளியே அந்தரத்தில் இருக்கிறது. மூன்றாவது மாடி. சுவரை விட்டு ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கூண்டு. பம்பாயில் அநேகமாக எல்லா வீட்டுக்கும் இது உண்டு. பழைய சூட்கேஸ், கால் உடைந்த ஸ்டூல், எரியாத தீபாவளி விளக்குச் சரம் எல்லாம் அதில் கிடக்கும். என் மனைவி அதைக் காலி செய்து தொட்டிகள் வைத்தாள். தொட்டி என்றால் பெயின்ட் டப்பா, ஐஸ்கிரீம் டப்பா, கழுத்தை அறுத்த தண்ணீர் கேன். மாதுங்கா மார்க்கெட்டில் வாங்கிய புதினாக் கட்டில் இலையைத் துவையலுக்குக் கிள்ளிக்கொண்டு தண்டை டப்பாவில் குத்தினாள். பிடித்துக்கொண்டது. பிறகு கற்பூரவல்லி வந்தது, துளசி வந்தது, திருநீற்றுப்பச்சை வந்தது, கொத்தமல்லி வந்து வந்து போனது. கறிவேப்பிலைக்கு மட்டும் ஒரு டிரம். கீழ்வீட்டு மராத்திக்காரி, நாங்கள் மௌஷி என்று கூப்பிடும் அம்மாள், தண்ணீர் சொட்டித் தன் புடவை நனைகிறது என்று சண்டைக்கு வந்தவள், சண்டை முடிந்து இறங்கிப் போய், டீயில் போடும் எலுமிச்சைப் புல்லில் ஒரு வேரைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும், அதுவும் சொட்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

பார்க்க அது தோட்டம் மாதிரி இருக்காது. கம்பி, துரு, புறா எச்சம், நடுவில் கொஞ்சம் பச்சை. ஆனால் கை பட்டால் போதும். ஜன்னலைத் திறக்கும்போது சட்டைக்கை புதினாவில் உரசிவிட்டால், ஆபீஸ் போய்ச் சேரும்வரை, அத்தனை பேர் வியர்வைக்கும் நடுவே, ரயிலில் என் முழங்கையில் ஒரு துண்டு காலைப்பொழுது ஒட்டிக்கொண்டே வரும்.

டீக்கு முன்னால் அவள் ஜன்னல் மேடையில் ஒரு காலை மடித்து உட்காருவாள். ஒவ்வொரு செடியிலும் ஒரு இலை. கிள்ளி, கசக்கி, முகர்ந்து, நாக்கில் வைப்பாள். பக்தி மாதிரியும் இருக்கும், கோழி கொத்துகிற மாதிரியும் இருக்கும்.

“துளசிக்கு இன்னிக்குக் கோவம்” என்பாள். வெயில் ஏறிய துளசியின் காரத்தைச் சொல்கிறாள். “திருநீத்துப்பச்சை கசக்குது. பூக்கப் போகுது.” இரண்டொரு நாளில் பூத்து நிற்கும்.

எனக்கும் ஒன்று நீட்டுவாள். கற்பூரவல்லியைக் கடித்தால் முதலில் தண்ணீர், அப்புறம் ஒரு சூடு, அது மேலேறி மூக்கின் பின்பக்கத்தில் போய் நிற்கும். தயிர்சாதத்தில் திருநீற்றுப்பச்சை இலை இரண்டைக் கிள்ளிப் போட்டால் அந்தச் சாதத்துக்குத் திடீரென்று ஒரு திருவிழா முகம் வந்துவிடும். ரசத்தை இறக்கிய பிறகு துளசியைப் போட்டு மூடுவாள். மூடியைத் திறக்கிற உரிமை எனக்கு. இருபத்தைந்து வருஷக் கல்யாணத்தில் நாங்கள் எதிரெதிரே நின்று சந்தோஷப்பட்ட இடங்களைக் கணக்கெடுத்தால் பாதி அந்த மூடிக்கு மேலேதான் இருக்கும்.

அவள் மூக்கு அப்படிப்பட்டது. தாராவியில் அவள் பிறந்த சந்தில் அதற்கு ஒரு பதவியே இருந்தது. எங்கள் ஆட்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வரும்போது அம்மனையும் கூட்டிக்கொண்டு வந்தவர்கள். ஆடி மாதம் அம்மனுக்குக் கொடை. அன்றைக்குச் சந்து முழுவதுக்கும் சாப்பாடு. பெரிய அண்டாவில் சாம்பார். அம்மனுக்குப் படைக்கும்வரை அதில் ஒரு சொட்டு யார் நாக்கிலும் படக்கூடாது. அப்படியானால் உப்பை எப்படிப் பார்ப்பது? வாசத்தில் பார்க்க வேண்டும். முதலில் பாதி உப்புத்தான் போடுவார்கள். பிறகு என் மனைவி வந்து ஆவியில் முகத்தைக் காட்டி, இன்னும் ஒரு கை என்பாள், அல்லது போதும் என்பாள். உப்புக்கு வாசம் ஏது என்று நான் கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறேன். உப்பு குறைந்தால் பருப்பும் புளியும் தனித்தனியாக மணக்குமாம், இலை வாசம் அடியிலேயே அமுங்கிக் கிடக்குமாம். உப்பு சரியாக விழுந்ததும் கறிவேப்பிலை மேலே வந்து நிற்குமாம். பதினைந்து வயதில் தொடங்கியது. ஒரு வருஷமும் தப்பியதில்லை.

இந்த வருஷம் மழை இறங்கிய வாரத்தில் எங்கள் இருவருக்கும் காய்ச்சல். எனக்குச் சீக்கிரம் விட்டது. அவளுக்கு இழுத்தது. எழுந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக ஜன்னலுக்குப் போனாள். துளசியை வாயில் போட்டாள். சப்பினாள். முகத்தைச் சுளித்தாள்.

“மழைத் தண்ணி குடிச்சுக் குடிச்சு ருசி செத்துப் போச்சு இதுக்கு.”

நானும் நம்பினேன். மழையில் இலை ஊதி வெளுத்துப்போவது உண்டுதான். அவள் டப்பாக்களை உள்பக்கம் நகர்த்தினாள். பழைய பிளாஸ்டிக் ஷீட்டைக் கம்பியில் கட்டிக் கூரை போட்டாள். மண்ணை மாற்றினாள். முட்டை ஓடு, வாழைப்பழத் தோல், டீத்தூள். ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு இலையாகத் தின்று, “ம்ஹூம்” என்றாள். புதினாவிடம் மட்டும் கொஞ்சம் தயங்கினாள். “குளுகுளுன்னு இருக்கு. ஆனா புதினாவக் காணோம்” என்றாள். கடைசியில் ஒருநாள் ஜன்னலில் நின்று செடிகளைத் திட்டினாள். “சோம்பேறிக் களுதைகளா, ஒங்களுக்கு என்ன குறை வச்சேன்?”

நான் சிரித்துக்கொண்டே திருநீற்றுப்பச்சையில் ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டேன். வாய் நிறைந்தது. மிளகும் கிராம்பும் சோம்பும் ஏதோ ஒரு கோயில் வாசலும் ஒன்றாகக் கிளம்பித் தொண்டை வரைக்கும் போயின. செடி செத்திருக்கவில்லை. அவ்வளவு நன்றாக அது ஒருபோதும் இருந்ததில்லை.

சிரிப்பு நின்றது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். அடுப்படிக்குப் போனாள். காயப்பொடி டப்பாவைத் திறந்தாள், மூடினாள். காப்பித்தூளைத் திறந்தாள். சாம்பிராணிப் பொட்டலத்தைப் பிரித்து அப்படியே மூக்கில் வைத்து அழுத்தினாள். பிறகு டப்பாக்களை ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், அலமாரியில் அதனதன் இடத்தில் திருப்பி வைத்தாள்.

மூக்கு டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆகிறது என்றார். நாலு விதமான வாசனைகளைக் காலையும் மாலையும் முகர வேண்டும், நரம்பு மறுபடி கற்றுக்கொள்ளலாம். எப்போது? “வரலாம். மாதக்கணக்கில் ஆகலாம். சிலருக்கு...” என்று பேனாவை மூடினார். அந்தச் சிலரை அவர் முடிக்கவே இல்லை. வீடு வரும் வழியெல்லாம் அந்தச் சிலர் எங்கள் ஆட்டோவில் கூடவே உட்கார்ந்து வந்தார்கள்.

கடையில் வாங்கும் வாசனை எண்ணெய் வேண்டாம் என்றாள். “வீட்டுல இத்தன செடி இருக்கு.” ஆக, காலையில் அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார, நான் ஒவ்வொரு இலையாக மூக்கருகே நீட்டுவது என்று ஆனது.

முதல் சில நாட்கள் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு காலையில் “கற்பூரவல்லி” என்றாள். கற்பூரவல்லிதான். அடுத்தது, “துளசி.” துளசிதான். அன்று ஆபீசில் யாரோ ஏதோ கேட்டதற்கு நான் பாடுகிற மாதிரி பதில் சொல்லியிருக்கிறேன் என்று பிறகு சொன்னார்கள். மறுநாளும் எல்லாம் சரி. அதற்கு மறுநாளும்.

ஒருநாள்தான் கவனித்தேன். இலை வந்ததும் அவள் தலையை ஒரு மயிரிழை முன்னால் கொண்டுவருகிறாள். மேலுதட்டில் இலை உரசுகிறது. கற்பூரவல்லிக்குத் தடிமனும் பூனைமயிரும். துளசிக்குப் பல் வைத்த ஓரம். புதினாவுக்குச் சுருக்கம். எலுமிச்சைப் புல் சும்மாவே கீறும். உதட்டால் படித்துக்கொண்டிருந்தாள்.

நான் புல்லைக் கைக்குட்டைக்குள் வைத்துக் கசக்கி, உதடு படாத தூரத்தில் பிடித்தேன். அந்தச் சின்ன ஹால் முழுக்க எலுமிச்சை. அவள் கண் மூடியபடி இருந்தாள். முகம் அலைந்தது, இருட்டில் ஸ்விட்ச் தேடும் கை மாதிரி.

“துளசி” என்றாள்.

“இல்ல.”

கண்ணைத் திறந்தாள். கைக்குட்டையைப் பார்த்தாள். “எனக்குப் பரீட்சை வைக்கீங்களா?”

“நீதானே வாசம் வருதுன்ன?”

“பின்ன என்ன சொல்லச் சொல்லுதீங்க? தெனமும் காலையில மூஞ்சிய அப்பிடி வச்சிக்கிட்டு எதுத்தாப்புல ஒக்காந்தா? வரலன்னு சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப் போச்சு. ஒங்க மூஞ்சியிலயாச்சும் கொஞ்சம் தெளிச்சி வரட்டும்னுதான்.”

வெளியே மழை கூண்டின் பிளாஸ்டிக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. புதினா யாரையும் கேட்காமல் டப்பாவை விட்டு இறங்கி, கம்பி வழியே கீழ்வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் புதினாவுக்கு வெட்கமே கிடையாது. அதை வெட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். வெட்டினால் வீடே மணக்கும். அதனால் விட்டுவிட்டேன்.

அந்த வாரம்தான் தாராவியிலிருந்து அவள் தம்பி மனைவியின் போன் வந்தது. ஸ்பீக்கரில்தான் பேசுவாள், இரண்டு பக்கமும் சத்தம்.

“மதினி, வெள்ளிக்கிழம கொட. ஞாபகம் இருக்கா, இல்ல செம்பூர்க்காரி ஆனதும் மறந்தாச்சா?”

“மறப்பனாட்டி?”

“ஒண்ணும் கொண்டாரண்டாம். ஒங்க மூக்க மட்டும் கொண்டாந்தாப் போதும். ஒங்க தம்பிகூடக் கேட்டாவ, மூக்கு எப்ப வருதுன்னு.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். “மூக்கோட சேத்துக் கறிவேப்பிலையும் கொண்டாரேன், போன வை.”

வைத்ததும் நான் சொன்னேன், “சொல்லியிருக்கலாம்.”

“என்னன்னு?”

“உள்ளதத்தான். காய்ச்சல்னு. டாக்டர்னு.”

அவள் கொத்தமல்லிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. “அந்தச் சந்த விட்டு வந்து எத்தன வருசமாச்சு. அங்க கல்யாணம்னா நான் பத்தோட பதினொண்ணு. சாவுன்னா ஓரத்துல நிக்கேன். பாதிப் பிள்ளைங்களுக்கு நான் யாருன்னே தெரியாது, ஆன்ட்டிங்குதுவ. வருசத்துல அந்த ஒருநா, எல்லாரும் அடுப்ப விட்டு வெலகி எனக்கு வழி விடுவாவ பாருங்க. அதுவும் வேண்டாம்னு நானே போன்ல சொல்லணுமா?”

“அப்ப என்ன செய்யப் போற?”

“அதுக்குள்ள வந்துரும்” என்றாள், மழை விடும் என்று சொல்வதுபோல.

வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் டிரம்மிலிருந்த கறிவேப்பிலையில் பாதியை ஒடித்தாள். கொத்தமல்லியை வேரோடு பிடுங்கி ஈரத்துணியில் சுற்றினாள். ஆட்டோவில் அந்தப் பை என் மடியில். சயானில் சிக்னலுக்கு நின்றபோது டிரைவர் திரும்பிப் பார்த்து, “க்யா குஷ்பூ ஹை, அங்கிள்” என்று வாசத்தை மெச்சினான். நான் அவளைப் பார்க்கவில்லை. அவளும் ரெக்சின் திரைக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

சந்தில் நீல தார்ப்பாயைக் கட்டி அடியில் அடுப்பு மூட்டியிருந்தார்கள். தார்ப்பாய் வயிறு வைத்துத் தொங்க, ஒருவர் நீளக் கம்பால் அதைக் குத்திக் குத்தி மழைத்தண்ணீரை அந்தப் பக்கம் சரித்துக்கொண்டிருந்தார். பருப்பும் காயும் வெந்து அண்டா கொதித்தது. எங்கள் பையைப் பிரித்துப் பெண்கள் கறிவேப்பிலையை உருவினார்கள். கைப்பிடி கைப்பிடியாக உள்ளே விழுந்தது. பச்சை அப்படியே கறுத்து அடங்கியது. அதன் மேல் கொத்தமல்லி.

“மதினி வந்தாச்சு. வெலகுங்கட்டி.”

எல்லோரும் விலகினார்கள். அவள் சொன்ன மாதிரியே வழி விட்டார்கள். முந்தானையால் வாயைக் கட்டிக்கொண்டு அண்டாவின் பக்கத்தில் போய்க் குனிந்தாள். ஆவி அவள் முகத்தை மறைத்தது. உப்புச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தம்பி மனைவி காத்திருந்தாள்.

நான் நாலடி தள்ளி நின்றேன். எனக்கு மூக்கு இருந்தது. எங்கள் ஜன்னல் முழுவதும் அந்த அண்டாவிலிருந்து எழும்பி என்மேல் வந்து மோதியது. அதில் கறிவேப்பிலை மேலே நிற்கிறதா, அடியில் கிடக்கிறதா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருஷம் மூடியைத் திறந்ததுதான் என் வேலை.

எப்போதும் ஆகிற நேரத்தைவிட அதிகம் ஆனது. அவளுடைய தோள்கள் இரண்டு தடவை ஏறி இறங்கின, ஆழமாக மூச்சிழுத்ததில். சொல்லிவிடப் போகிறாள் என்று நினைத்தேன். சொல்லிவிடு என்று நினைத்தேன்.

அவள் நிமிர்ந்தாள். ஆவியில் முகம் சிவந்து, கண் நனைந்திருந்தது. துணிக்குள்ளிருந்து, “போதும். எறக்குங்க” என்றாள்.

உப்புச் சட்டியை மூடினார்கள். கரித்துவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை, குறைந்தால் எப்படியாவது தப்பிக்கலாம் என்று அந்த ஆவிக்குள் நின்று கணக்குப் போட்டிருப்பாள். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அம்மனுக்குப் படைத்தார்கள். மணி அடித்தது. சந்தின் நீளத்துக்குப் பாய் விரித்து, இலை போட்டு, பந்தி உட்கார்ந்தது. நானும் முதல் பந்தியில். சோறு, சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு, அப்பளம், ஊறுகாய். பிசைந்து ஒரு வாய் வைத்தேன்.

சப்பென்று இருந்தது. பாதி உப்பு. இலை, புளி, பருப்பு எல்லாம் இருந்தன, ஆனால் ஒன்றோடொன்று பேசவில்லை.

நான் நிமிர்ந்து பார்த்தேன். எல்லோரும் குனிந்து தின்றுகொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. சாமி சாப்பிட்டதைக் குறை சொல்லக் கூடாது. எங்கள் ஆட்களுக்கு அது அவ்வளவு ஊறிய பழக்கம். ஊறுகாய் மட்டும் வேகமாகப் போனது. அப்பளம் கேட்டுக் கை நீண்டுகொண்டே இருந்தது. என் பக்கத்தில் ஒரு சின்னப் பெண், “மம்மி, நமக் நஹி ஹை, உப்பே இல்ல” என்றது. அம்மாக்காரி தொடையில் கிள்ளினாள். “சுப்சாப் கா. பேசாமத் தின்னு.”

என் மனைவி வாளியைத் தூக்கிக்கொண்டு சாம்பார் ஊற்றி வந்தாள். யாரும் இரண்டாம் முறை வாங்கவில்லை. இலைக்கு மேலே கை குறுக்கே வந்தது. “போதும் மதினி.” “போதும் அக்கா.” “வயிறு நெறஞ்சிட்டு.” பாதிப் பந்தியில் அவள் நின்றாள். கரண்டியைச் சாய்த்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள். மூக்கு போனாலும் உப்பு நாக்குக்குத் தெரியும். அது அவளிடம் மிச்சம் இருந்தது.

வாளியைக் கீழே வைத்தாள்.

“உப்பு இல்ல” என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள்.

தம்பி மனைவி ஓடிவந்து கையைப் பிடித்தாள். “மதினி, சும்மா இருங்க. சாமி சாப்பிட்டது.”

“சாமி பொறுத்துக்கிடும். பிள்ளைங்க வெறும் அப்பளத்தத் தின்னுட்டு எந்திரிக்குது, பாக்கியா?”

“நீங்கதான மதினி எறக்கச் சொன்னீங்க?”

“நான்தான் சொன்னேன். வாய்க்கு வந்தத சொன்னேன். எனக்கு மூக்கு போயிட்டு. காய்ச்சல்ல போயிட்டு, ஒரு வாசமும் தெரியல. இங்க வந்து அத மறைச்சேன்.”

கம்பு வைத்திருந்தவர்கூடத் தார்ப்பாயைக் குத்துவதை நிறுத்திவிட்டார். தண்ணீர் மேலே சேர்ந்துகொண்டிருந்தது. எதிர்வரிசையில் ஒரு பெரியவர், “அம்மனுக்கே அரை உப்புதானா இந்த வருசம்” என்றார். கோபமா வருத்தமா என்று அந்தக் குரலில் தெரியவில்லை. ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ முணுமுணுத்தாள். அடுப்புப் பக்கத்திலிருந்து இன்னொருத்தி, “அப்ப எங்க வீட்டுக்காரரு குடிச்சிட்டு வந்து ஒங்க பக்கத்துல ஒக்காந்தாலும் ஒங்களுக்குத் தெரியாது” என்றாள். ரெண்டு மூணு பேர் சிரித்தார்கள். எல்லோரும் சிரிக்கவில்லை.

என் மனைவி சிரிக்கவில்லை. அடுப்படிக்குப் போய் உப்புச் சட்டியை எடுத்து வந்தாள். பந்தியின் ஒரு முனையில் குனிந்து தொடங்கினாள். ஒவ்வோர் இலையின் ஓரத்திலும் மூன்று விரலால் அள்ளி ஒரு சிட்டிகை. “போட்டுக்கோங்க.” சிலர் வாங்கினார்கள். பெரியவர் இலையைக் கையால் மூடிக்கொண்டார்; இரண்டாந்தடவை கேட்காமல் அவரைத் தாண்டினாள். தம்பி மனைவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். முன்னால் உப்பு, பின்னால் சாம்பார்.

என் இலைக்கு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. விரல்கள் நனைந்து உப்பு ஒட்டிக்கொண்டிருந்தது, உதறிவிட்டாள்.

“பிசைஞ்சு பாத்துச் சொல்லுங்க.”

பிசைந்தேன். தின்றேன்.

“காணுமா, போதுமா?”

“இன்னும் கொஞ்சம்” என்றேன்.

இன்னொரு சிட்டிகை வைத்தாள். நான் மறுபடி பிசைந்து வாயில் வைக்கும்வரை, அடுத்த இலைக்கு நகராமல், என் வாயையே பார்த்துக்கொண்டு குனிந்து நின்றாள்.